அச்சுப்பொறியும் அறிவுரிமையும்

ஒரு பல்கலைக்கழகத்தின் அறிவு நிலையை அதன் நூலகத்தையும் ஆய்வுகூடத்தையும் கொண்டு மதிப்பிடுவது வழக்கம். அதன் அச்சுப்பொறியைக் கொண்டு மதிப்பிடவேண்டும் என்று எவரேனும் கூறின் அது நகைப்புக்கிடமாகவே தோன்றும். அச்சுப்பொறி அலுவலகத்தின் மூலையிற் கிடக்கும் ஒரு தளபாடம். விற்ற கடைக்காரனே அதனைப் பொருத்துவான். அது நின்றுவிட்டால் இலிகிதர் எவரேனும் மின்னை நிறுத்தி மீண்டும் இயக்கிப் பார்ப்பார். அப்பொழுதும் இயங்காவிடிற் புதியதொன்றுக்கு விலைமனு கோரப்படும். கற்றோர் பலரின் மனத்திலே இது பற்றி நிலவும் கருத்து இவ்வளவே. கணினியியலைப் பாடமாகக் கற்பிப்போரும் இதற்கு விலக்கல்லர்.

இக்கருத்துத் தவறானது. அத்தவறு வெறுமனே தொழினுட்ப அறியாமையன்று. அறிவைத் தனியுடைமையாக்க முனைவோர்க்கு அறிவாளரே வலிந்து செய்யும் பணிவிடை அது. ஒருவர் எழுதியது தாளிலே பதிவதற்கு இடையிலுள்ள பாதை யாருக்குத் தெரியும், அப்பாதையை மாற்றும் அதிகாரம் யாரிடம் உண்டு என்னும் வினாக்கள் பொறியியல் வினாக்கள் மாத்திரமல்ல. அவை சமுதாய வினாக்களுமாகும். ‘கப்ஸ்’ என்னும் திறந்தமூல அச்சு முறைமையின் வரலாற்றையும் இயக்கத்தையும் நோக்குமிடத்து இவ்வுண்மை தெளிவாகும்.

ஒரு மறுப்பின் வரலாறு

திறந்தமூல மென்பொருள் பற்றிப் பேசுவோர் பலர் அவ்வியக்கம் தத்துவ விசாரத்திலே பிறந்தது எனக் கருதுவர். உண்மையில் அதன் ஊற்றுக்கண்களுள் ஒன்று ஓர் அச்சுப்பொறியிலே சிக்கிய தாளாகும். 1980 ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்துச் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்துக்கு ஸெரொக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறியொன்று வந்து சேர்ந்தது. அது வேகமானது, ஆயின் அடிக்கடி தாள் சிக்கி நின்றது. பொறி வேறொரு மாடியில் இருந்தமையால், அச்சுக்குக் கொடுத்தவர் நெடுநேரம் கழித்துச் சென்று பார்க்கும்போதே அது நின்றுவிட்டமை தெரியவரும். முன்னிருந்த அச்சுப்பொறியிலும் இதே குறை இருந்தது. ஆயின் அதன் நிரல் மூலம் ஆய்வுகூடத்தாரின் கையில் இருந்தது. ஆகவே, தாள் சிக்கியதும் காத்திருப்போர் அனைவரின் திரைக்கும் செய்தி செல்லுமாறு றிச்சட் ஸ்ரோல்மன் அதனைத் திருத்தியிருந்தார். புதிய பொறிக்கும் அவ்வாறு செய்ய அவர் விரும்பினார். அதன் நிரல் மூலமோ தரப்படவில்லை. கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தில் அதன் பிரதியை வைத்திருந்த ஆய்வாளரிடம் அவர் நேரிற் சென்று கேட்டபோது, வெளிப்படுத்துவதில்லை என்று வாக்குறுதி அளித்திருப்பதாகக் காரணங் காட்டி அவர் மறுத்துவிட்டார். 1983 செப்டெம்பரில் ஸ்ரோல்மன் அறிவித்த ‘குனு’ திட்டத்தின் பின்னணியில் இம்மறுப்புக்கு முக்கிய இடமுண்டு.

இச்சம்பவத்தைப் பலரும் ஒரு சுவையான கதையாகச் சொல்லிச் செல்வதுண்டு. அதன் உட்பொருள் ஆழமானது. அங்கு மறுக்கப்பட்டது பணமன்று, பொறியுமன்று. பொறி ஏற்கெனவே ஆய்வுகூடத்தில் இருந்தது. மறுக்கப்பட்டது வாசிக்கும் உரிமை. வாசிக்கத் தெரிந்தவர், திருத்தத் தெரிந்தவர், திருத்தியதைப் பிறர்க்கு இலவசமாக வழங்கவும் ஆயத்தமாயிருந்தவர் ஒருவரை நோக்கி, ‘நீர் வாசித்தலாகாது’ எனக் கூறப்பட்டது. அதனைக் கூறியவரும் ஒரு பல்கலைக்கழக ஆய்வாளரே என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. கொம்பனியின் பூட்டுக்குக் காவலாளியாக நின்றது கல்விக்கூடம்.

அச்சியந்திரத்தின் உடைமை பற்றிய இவ்வினா ஈழத்தமிழர்க்குப் புதியதன்று. மானிப்பாயிலே அமெரிக்க மிசனரிமாரின் அச்சகம் இயங்கிய காலத்திலே, ஆறுமுக நாவலர் 1849 இல் வண்ணார்பண்ணையில் தமக்கென ஓர் அச்சியந்திரசாலையை நிறுவினார். வாதத்துக்கு எதிர்வாதம் எழுதினால் மட்டும் போதாது, அதனை அச்சிடும் கருவியும் கைவசம் இருத்தல்வேண்டும் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். அன்று கருவி என்பது இரும்பும் ஈய எழுத்துமாக இருந்தது. இன்று அதன் பெரும்பகுதி நிரலாகும். இரும்பைக் கண்ணாற் காணலாம். நிரலைக் காண்பதற்கோ அனுமதி வேண்டும். வேறுபாடு அவ்வளவே.

பாதையும் அதன் கட்டங்களும்

அச்சிடுதல் என்னும் செயல், பொத்தானை அழுத்துவோர் எண்ணுவதுபோல ஒரே பாய்ச்சலில் நிகழ்வதன்று. கணினியின் தொடக்க காலத்திலே எழுத்துக்களை மட்டும் வரிவரியாக அடிக்கும் பொறிகள் இருந்தன. அவற்றுக்குப் பணிகளை வரிசைப்படுத்தி அனுப்புதலே போதுமானதாக இருந்தது. பேர்க்லியில் வளர்ந்த யூனிக்ஸ் அதற்கென ஒரு முறையையும் கட்டளைகளையும் கொண்டிருந்தது. ‘சிஸ்ரம் ஃபைவ்’ என்னும் மற்றைய மரபு வேறொரு முறையைக் கொண்டிருந்தது. 1984 இல் அடோபி நிறுவனம் ‘போஸ்ற்ஸ்கிரிப்ற்’ என்னும் பக்க விவரிப்பு மொழியை வெளியிட்டதும், 1985 இல் அப்பிள் நிறுவனம் அம்மொழியை விளங்கும் ‘லேசர்றைற்றர்’ பொறியைச் சந்தைக்குக் கொணர்ந்ததும் நிலைமை மாறியது. பக்கம் முழுவதும் ஒரு நிரலாக எழுதப்பட்டுப் பொறிக்கு அனுப்பப்பட்டது. ஆயின் அப்பொறியின் விலை 6,995 டொலர். மலிவான பொறிகளுக்கு அம்மொழி தெரியாது.

இவ்விடைவெளியை நிரப்பியது திறந்த மென்பொருளேயாகும். 1988 இல் பீற்றர் டொயிச் வெளியிட்ட ‘கோஸ்ற்ஸ்கிரிப்ற்’, போஸ்ற்ஸ்கிரிப்ற் பக்கத்தைக் கணினியிலேயே வாசித்து, மலிவான பொறியும் விளங்கிக்கொள்ளும் புள்ளிகளாக மாற்றிக் கொடுத்தது. செல்வந்த அலுவலகங்களுக்கே உரியதாயிருந்த அச்சுத்தரம் மாணவனின் மேசைக்கு வந்த வழிகளுள் இதுவும் ஒன்று.

இவ்வாறு சிதறிக்கிடந்த கருவிகளை ஒருங்கிணைத்ததே கப்ஸ் முறைமை. மைக்கல் சுவீற் தமது சிறு நிறுவனத்தின் வாயிலாக 1997 இல் அதன் ஆக்கத்தைத் தொடங்கினார். முதற் பதிப்பு 1999 இல் வெளிவந்தது. இரு யூனிக்ஸ் மரபுகளின் கட்டளைகளையும் அது ஏற்றது. அதற்கும் மேலாக, இணைய அச்சு நெறிமுறையை அது தன் அடித்தளமாகக் கொண்டது. அந்நெறிமுறை எந்தவொரு கொம்பனியினதும் இரகசியமன்று. வெளிப்படையாக விவாதிக்கப்பட்டு, எவரும் வாசித்துப் பின்பற்றக்கூடியதாக வெளியிடப்பட்ட பொது ஒழுங்கு. கப்ஸ் பின்பற்றியது தான் மட்டும் அறிந்த மொழியையன்று. எல்லோரும் கற்கக்கூடிய மொழியையே ஆகும். அதன் பிற்கால வெற்றிக்கு இதுவே தலையாய காரணம் எனலாம்.

அதன் இயக்கத்தை நான்கு கட்டங்களாகப் பிரித்து நோக்கலாம். முதலாவது வரவேற்பு: எழுதும் மென்பொருள் பக்கத்தைப் பீ.டி.எஃப். வடிவில் ஒப்படைக்க, 631 ஆம் இலக்க வாயிலில் காத்திருக்கும் கப்ஸ் அதனைப் பெற்று இலக்கமிட்டு வரிசையில் வைக்கும். இரண்டாவது மாற்றம்: வந்த கோப்பின் வகையையும் பொறி ஏற்கும் வகையையும் ஒப்பிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லத்தக்க வடிகட்டிகளைச் சங்கிலியாகக் கோத்து இயக்கும். மூன்றாவது அனுப்புகை: யூ.எஸ்.பி. வழியாகவோ வலையமைப்பு வழியாகவோ பொறிக்குக் கொண்டு சேர்க்கும் சிறு நிரல் ஒன்று அப்பொறுப்பை ஏற்கும். நான்காவது பதிவு: யாருடைய பணி, எப்பொழுது, எந்தப் பொறியில் என்பனவும், வழியில் நேர்ந்த தவறுகளும் குறிப்பேடுகளில் எழுதப்படும்.

இந்நான்கு கட்டங்களும் தனித்தனியாகப் பார்க்கத்தக்கவை என்பதே முக்கியம். தாள் வெளிவராதபோது, பணி வரிசையில் நிற்கிறதா, வடிகட்டியில் விழுந்ததா, வழியில் தடைப்பட்டதா என்று பிரித்தறிய முடிகிறது. பிரித்தறிதலே அறிவின் முதற்படி. மூடிய முறைமையில் ‘பிழை நேர்ந்தது’ என்னும் ஒற்றை வாக்கியமே கிடைக்கும். அங்கு பகுத்தறிவுக்கு இடமில்லை, பரிகாரத்துக்கே இடமுண்டு.

நிறுவுதல் என்னும் கல்வி

இம்முறைமையை நிறுவுதல் மிகக் கடினமானது என்றொரு பேச்சு நிலவுகிறது. அது உண்மையன்று. லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றில் அது முன்னரே இடம்பெற்றிருக்கும். இல்லையேல் ஒரு கட்டளையால் வந்துசேரும். உலாவியில் அக்கணினியின் 631 ஆம் வாயிலைத் திறந்தால் நிருவாகப் பக்கம் தோன்றும். அங்கு ‘பொறியைச் சேர்’ என்பதைத் தெரிந்து, கண்டுபிடிக்கப்பட்ட பொறிகளுள் உரியதைத் தேர்ந்து, இடைவெளியோ சாய்கோடோ இல்லாத ஒரு பெயரிட்டு, அதன் வகையைக் காட்டி, சோதனைப் பக்கம் ஒன்றை அச்சிட்டுப் பார்த்தல் வேண்டும். இணைய நெறிமுறையை விளங்கும் அண்மைக்காலப் பொறியாயின் தனி இயக்கி எதுவும் வேண்டியதில்லை. பொறியே தன் தாளளவு, நிறம், இருபக்க வசதி ஆகியவற்றைக் கேட்போர்க்குக் கூறிவிடும்.

ஆயின் நிறுவுதல் அத்துடன் முடிவதில்லை. அதற்குப் பின்னர் தீர்மானிக்கவேண்டியவையே உண்மையான நிருவாகம். தாளின் அளவு அமெரிக்க ‘லெற்றர்’ ஆக இருக்குமாயின், ஏ4 தாளில் 297 மில்லிமீற்றர் உயரம் இருப்பினும் பக்கம் 279 மில்லிமீற்றருக்கென வகுக்கப்படும், ஓரங்கள் பிறழும். பொறி பணியை ஏற்க மறுத்தால் வரிசை முழுவதையும் நிறுத்துவதா, அப்பணியை மட்டும் கைவிடுவதா, மீண்டும் முயல்வதா என்பது ஒரு கொள்கைத் தீர்மானம். வரிசை நிறுத்தப்படுமாறு அமைந்திருப்பின், பொறியைப் பத்து முறை அணைத்து ஏற்றினாலும் பயனில்லை. நிறுத்தப்பட்டிருப்பது பொறியன்று, கணினியிலுள்ள வரிசை. இவ்வொரு செய்தியை அறியாமையால் குற்றமற்ற பொறிகள் பழுதுபார்ப்போரிடம் அனுப்பப்படுதல் வியப்பன்று.

தாளின் பெறுமதியை இலங்கையர்க்கு எடுத்துரைக்கவேண்டியதில்லை. 2022 மார்ச்சில் அந்நியச் செலாவணி இன்மையால் தாள் இறக்குமதி தடைப்பட்டு, மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அத்தகைய நாட்டிலே, இருபக்க அச்சை இயல்புநிலையாக்குதலும், பயனாளர் ஒவ்வொருவருக்கும் குறித்த காலத்துக்கு இத்தனை பக்கம் என வரையறுத்தலும் கப்ஸ் முறைமையில் அமைப்புத் தெரிவுகளாகவே கிடைக்கின்றன. இதற்கெனத் தனியே ஒரு மென்பொருளை டொலர் கொடுத்து வாங்குமுன், கையிலுள்ளது என்ன செய்யும் என்று வாசித்துப் பார்த்தல் நிருவாகத்தின் கடமையாகும்.

இன்னுமொரு தீர்மானம் இதனினும் பாரதூரமானது. குறிப்பேட்டிலே பயனாளரின் பெயர் பதிகிறது. பணிகளின் தலைப்புகள் வரலாற்றில் நிற்கின்றன. அச்சிடப்பட்ட கோப்புக்களும் சிறிது காலம் வைக்கப்படலாம். ஒரு மாணவர் அவையில் யார் எந்தத் துண்டுப்பிரசுரத்தை எப்பொழுது அச்சிட்டார் என்பது ஓர் அலுவலகக் கணினியிற் கிடக்கிறது என்பதன் பொருளை விரித்துரைக்கத் தேவையில்லை. கப்ஸ் இவற்றை எத்தனை நாள் வைப்பது, வைப்பதா விடுவதா, யார் பார்ப்பது என்பவற்றை வெளிப்படையான அமைப்புக் கோப்பிலே தீர்மானிக்க இடமளிக்கிறது. திறந்தமூலம் என்பதால் இரகசியம் தானாகக் காக்கப்பட்டுவிடாது. ஆயின் என்ன பதிகிறது என்பதை எவரும் வாசித்தறியலாம். வாசித்தறிந்தோர் ‘இது வேண்டாம்’ எனக் கோரலாம். மூடிய முறைமையிலோ கோரிக்கைக்கு முன்னர் தேவைப்படும் அறிவே கிடைப்பதில்லை.

மூன்று வாதங்கள்

திறந்தமூல அச்சு முறைமைக்கு எதிராக வழக்கமாகக் கூறப்படும் வாதங்கள் மூன்று.

முதலாவது, ‘உற்பத்தியாளரின் இயக்கி இருக்க இத்தொல்லை எதற்கு?’ என்பதாகும். உற்பத்தியாளரின் இயக்கி உற்பத்தியாளரின் விருப்பம் இருக்குமளவும் வாழ்வது. இயங்குதளம் மாறும்போது பழைய பொறிக்கு இயக்கி எழுதுதலால் அவருக்கு இலாபமில்லை. புதிய பொறியை விற்பதாலேயே இலாபம். 1990 களிலே, பக்கத்தை உருவாக்கும் வேலை முழுவதையும் விண்டோஸ் கணினியிடமே விட்டுவிட்ட மலிவுப் பொறிகள் பெருகின. அவற்றின் மொழியைத் தன்னார்வலர் எவரேனும் ஆராய்ந்து அறிந்தாலன்றி வேறு தளங்களில் அவை வெறும் பெட்டிகள். இயந்திரம் தேயுமுன்னரே அதன் வாழ்நாளை நிரல் முடித்துவைப்பது சந்தைப் பொருளாதாரத்தின் நுட்பமான தந்திரங்களுள் ஒன்றாகும். இதற்கு மாறாக, பொது நெறிமுறை இயக்கி என்னும் இடைத்தரகனையே தேவையற்றதாக்கியது. அப்பிள் 2010 இல் அறிமுகஞ் செய்த ‘எயார்பிறின்ற்’ அந்நெறிமுறையின் மேல் அமைந்தது. 2013 இல் அதே அடிப்படையில் எல்லோர்க்குமான பொது ஒழுங்கொன்றும் வகுக்கப்பட்டது. மைக்கிரோசொஃப்ற் நிறுவனமும் 2023 செப்டெம்பரில், பிறர் எழுதும் அச்சு இயக்கிகளிலிருந்து படிப்படியாக விலகி இதே நெறிமுறையை நாடும் திட்டத்தை அறிவித்தது. கைத்தொலைபேசியிலிருந்து இயக்கி எதுவுமின்றி அச்சிடும் ஒருவர், திறந்த ஒழுங்கின் கனியை அருந்திக்கொண்டே அதன் மரத்தைப் பழிக்கிறார்.

இரண்டாவது வாதம் பாதுகாப்புப் பற்றியது: ‘மூலம் எல்லோர்க்கும் திறந்திருப்பின் கள்வனுக்கும் திறந்திருக்குமன்றோ?’ 2024 செப்டெம்பரில் கப்ஸ் குடும்பத்தைச் சார்ந்த நிரலொன்றில் பாரதூரமான ஓட்டைகள் வெளிப்பட்டமை உண்மை. வலையமைப்பிலுள்ள பொறிகளைத் தானாகத் தேடும் அந்நிரல், எங்கிருந்தோ வரும் செய்தியையும் நம்பிப் போலிப் பொறியைச் சேர்த்துக்கொண்டது. அப்பொறிக்கு எவரேனும் அச்சிட முனைந்தால் அந்நியன் விரும்பிய கட்டளை இயங்கக்கூடும். இதனை மறைப்பது நேர்மையன்று. அது கவனக்குறைவான வடிவமைப்பு. பல ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாமல் இருந்தமை வெட்கத்துக்குரியது. ஆயின் 2021 இல் விண்டோஸ் அச்சுச் சேவையிலே ‘பிறின்ற்நைற்மெயார்’ என்னும் பெயர்பெற்ற ஓட்டை வெளிப்பட்டு உலகெங்கும் அவசரத் திருத்தங்கள் தேவைப்பட்டதையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். மூடிவைத்தல் ஓட்டையை இல்லாமற் செய்யவில்லை. வேறுபாடு அதற்குப் பின்னரே தோன்றுகிறது: ஒரு முறைமையில் குறை எந்த வரியில் உள்ளது, திருத்தம் எதனை மாற்றியது என்பதை எந்த மாணவனும் வாசித்துக் கற்கலாம்; தேவையற்ற அத்தேடு நிரலை நிறுத்திவிடவும் செய்யலாம். மற்றையதிலே திருத்தத்தையும் நம்பிக்கையாகவே ஏற்கவேண்டும்.

மூன்றாவது வாதம், ‘இலவசமாகக் கிடைப்பதற்குப் பொறுப்பாளி யார்?’ என்பதாகும். இதற்கு வரலாறே விடைகூறும். அப்பிள் நிறுவனம் 2002 இல் தனது இயங்குதளத்திலே கப்ஸ் முறைமையைச் சேர்த்துக்கொண்டது. 2007 இல் அதன் ஆக்கியோனைப் பணிக்கமர்த்தி மூலத்தின் உரிமையையும் விலைக்கு வாங்கியது. 2019 இறுதியில் சுவீற் அந்நிறுவனத்தை விட்டு விலகியதும் ஆக்கப்பணி மந்தமடைந்தது. மூடிய மென்பொருளாயின் கதை அவ்விடத்தில் முடிந்திருக்கும். பயனாளர் கடிதம் எழுதிக் காத்திருந்திருப்பர். ஆயின் உரிம நிபந்தனை எவரும் மூலத்தை எடுத்துத் தொடர இடமளித்தமையால், ‘ஓப்பின்பிறின்றிங்’ குழுவினர் 2020 இல் தனிக்கிளை ஒன்றைத் தொடங்கினர். சுவீற்றும் அதில் இணைந்துகொண்டார். 2021 இல் 2.4 ஆம் பதிப்பு அக்கிளையிலிருந்து வெளிவந்தது. உலகின் பெருஞ்செல்வ நிறுவனங்களுள் ஒன்று கவனத்தைத் திருப்பிக்கொண்ட பின்னரும் முறைமை உயிர்வாழ்ந்தது. பொறுப்பு என்பது விலைச்சீட்டிலே எழுதப்படும் வாக்குறுதி என்று எண்ணுவோர் இதனை மனங்கொள்ளல் நன்று.

வழிபாடும் ஒரு மயக்கமே

இத்துணையுங் கூறியபின், மறுபுறத்தாரையும் நோக்கிச் சில கூறவேண்டியுள்ளது. திறந்தமூலத்தை ஒரு சமயம்போல வழிபடுவோர் உளர். அவர்களுக்கு உரிமப் பத்திரமே விடுதலை. நிறுவியதும் புரட்சி நிறைவேறிவிட்டது. இதுவும் மயக்கமே.

கணினியிலுள்ள நிரல் திறந்திருப்பினும் பொறிக்குள் இருக்கும் நிரல் பூட்டியே கிடக்கிறது. மைப்பேழையிலுள்ள சில்லு, பிறர் செய்த பேழையை ஏற்க மறுக்குமாறு செய்யப்படுகிறது. இவ்வாறு பேழையைத் தம் பிடியில் வைத்திருக்க முயன்ற லெக்ஸ்மார்க் நிறுவனத்தின் வழக்கிலே, விற்ற பொருளின்மீது காப்புரிமையாளரின் பிடி விற்பனையோடு முடிகிறது என 2017 இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் சட்டம் திறந்த கதவைச் சில்லு மூடலாம். நிற லேசர்ப் பொறிகள் பல, கண்ணுக்குப் புலனாகாத மஞ்சட் புள்ளிகளால் தம் தொடரிலக்கத்தைத் தாள்தோறும் பொறிக்கின்றன என்பதும், அப்புள்ளிகளின் ஒரு வகைக் குறியீடு 2005 இல் வாசித்தறியப்பட்டது என்பதும் பலருக்குத் தெரியாது. கப்ஸ் இவற்றுள் எதனையும் தடுப்பதில்லை, தடுக்கவும் இயலாது. பாதையின் ஒரு பாதியை வென்றவர் முழுப்பாதையையும் வென்றதாக முழங்குதல் எதிரிக்கே உதவும்.

மற்றொன்று, இம்முறைமையைத் தாங்கி நிற்பவர் தொகை மிகச் சிறிது. உலகெங்கும் எண்ணற்ற கணினிகளில் இயங்கும் ஒரு கருவி, விரல்விட்டு எண்ணத்தக்க சிலரின் உழைப்பிலே தங்கியுள்ளது. நெடுங்காலம் அது ஏறத்தாழ ஒருவரின் தோளிலேயே தங்கியிருந்தது. பயன்பெறுவோர் கோடியாகவும் உழைப்போர் சிலராகவும் இருக்கும் உறவு, எந்த உரிமத்தின்கீழ் நிகழினும் சுரண்டலின் சாயல் பெறாதிருத்தல் அரிது. இலவசமாக எடுத்து, குறைகூறி, எதனையும் திருப்பிக் கொடாதிருப்போரைச் சுதந்திரப் பயனாளர் என்றழைப்பது பொருந்தாது, அவரும் நுகர்வோரே.

தமிழ் எழுத்தும் வடிகட்டியும்

திருப்பிக் கொடுக்கவேண்டியது என்ன என்பதற்கு மிக அண்மையிலேயே ஓர் உதாரணம் உண்டு. ‘கொ’ என்னும் எழுத்து யூனிகோட் முறையிலே ககரமும் அதன்பின் ஓர் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. தாளிலோ அக்குறி இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி ககரத்துக்கு முன்னும் மறுபாதி பின்னுமாக நிற்றல் வேண்டும். ‘கெ’ என்பதிலே பின்னர் வரும் குறி முன்னே செல்லவேண்டும். இந்த ஒழுங்கமைப்பை எவரேனும் நிரலாக எழுதினாலன்றிக் கணினி தானாக அறியாது.

கப்ஸ் முறைமையின் பழைய உரை வடிகட்டி, தட்டச்சுப்பொறியைப்போல ஒவ்வொரு குறியையும் ஒவ்வொரு கட்டத்திலே வைத்துச் செல்லும் முறையில் அமைந்தது. இலத்தீன் எழுத்துக்கு அது போதும். தமிழ் உரைக்கோப்பை நேரே அதனிடம் கொடுத்தால் கொம்பும் காலும் பிரிந்து சிதறுதல் இயல்பே. எழுத்துக்களை முதலில் ஒழுங்கமைத்து, வடிவங்களை உட்பொதிந்த பீ.டி.எஃப். கோப்பாக்கி அனுப்பினால் இத்தொல்லை நேராது; ‘ஹாஃப்பஸ்’ என்னும் திறந்தமூல ஒழுங்கமைப்பு நிரல் அவ்வேலையை இன்று செம்மையாகச் செய்கிறது. ஆயினும் ஓர் உண்மை எஞ்சுகிறது. அவ்வடிகட்டியை எழுதியவர் தமிழைப் புறக்கணித்தவரல்லர்; அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர் எவரும் போதிய அளவில் அங்கு இருக்கவில்லை. மூலம் திறந்திருந்தது, வாசிக்க எவரும் தடைவிதிக்கவில்லை. மசாசூசெற்ஸ் ஆய்வுகூடத்தார்க்கு மறுக்கப்பட்ட உரிமை தமிழ் மாணவர்க்கு வழங்கப்பட்டே இருந்தது. வழங்கப்பட்ட உரிமையைப் பயன்படுத்தாதோர், மறுக்கப்பட்டதற்காகக் குரலெழுப்பும்போது அக்குரலில் வலுவிருக்காது.

மொழியுரிமை பற்றி மேடைகளிலே முழங்குவோர் பலர். அம்மொழி தாளிலே பிழையின்றிப் பதிவதற்கு வேண்டிய நூறு வரி நிரலை வாசிக்க முன்வருவோர் மிகச் சிலர். கூட்டம் கூட்டுதல் எளிது. வடிகட்டியைத் திருத்துதல் கடினம், அதற்குக் கரகோஷமும் கிடைப்பதில்லை. ஆயினும் அச்சுப்பிழை நோக்குதலையும் தம் புலமைப் பணியின் பகுதியாகக் கொண்ட பதிப்பாசிரியர் மரபு தமிழுக்கு உண்டு. ஏட்டுச்சுவடியின் செல்லரித்த எழுத்தை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தோரின் வழித்தோன்றல்கள், அச்சு வடிகட்டியைத் தமக்குப் புறம்பானதாகக் கருதுவது மரபுக்கும் முரணானது.

செய்யத்தக்கவை

பல்கலைக்கழகங்கள் செய்யவேண்டியன அரியவையல்ல. அச்சு முறைமையை வாங்கும் பொருளாக அன்றி, நடத்தும் நிறுவனமாகக் கொள்ளுதல் முதலாவது. பொறியை வாங்கும்போது விலையையும் வேகத்தையும் மட்டும் கேளாமல், இணைய அச்சு நெறிமுறையை அது ஏற்கிறதா எனக் கேள்விப் பத்திரத்திலேயே நிபந்தனையாக்குதல் வேண்டும். அந்த ஒரு வரி, இயக்கி நின்றுபோனதால் நல்ல பொறியை எறியும் நிலையைப் பெருமளவு தவிர்க்கும். நிருவாகப் பக்கத்தின் திறவுகோல் ஒரே உத்தியோகத்தரின் நினைவிலே புதைந்துகிடவாமல், அமைப்பின் விவரங்கள் எழுதிவைக்கப்படல் வேண்டும். எவை பதியப்படுகின்றன, எத்தனை நாள் வைக்கப்படுகின்றன என்பது பொறியருகே ஒட்டப்பட்டிருத்தல் வேண்டும். கணினியியல் மாணவர்க்கு, இல்லாத கொம்பனியொன்றின் சம்பளப் பட்டியலைத் தயாரிக்கும் பயிற்சிக்குப் பதிலாக, இயங்கிக்கொண்டிருக்கும் அச்சு வரிசையின் மூலத்தை வாசிக்கும் பயிற்சி அளிக்கப்படல் வேண்டும். தமிழ் மாணவரும் அவர்களோடு அமர்ந்து, எழுத்து எங்கே உடைகிறது எனக் காட்டவேண்டும்.

இவற்றுள் எதற்கும் அந்நியச் செலாவணி தேவையில்லை. அமைச்சின் சுற்றறிக்கையும் தேவையில்லை. தேவைப்படுவது, அச்சுப்பொறி அறிவுக்கு வெளியேயுள்ள பொருளன்று என்னும் தெளிவு மாத்திரமே. வாசிக்க மறுக்கப்பட்ட ஒருவர் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். வாசிக்க அனுமதிக்கப்பட்டும் வாசியாதோர் எதனைத் தொடங்கப் போகின்றனர் என்பதே இன்று விடைவேண்டி நிற்கும் வினா.